ஆலங்குடாவின் மலைப் பிரதிநிதி

"திருமதி மாக்கிறட் யாகப்பு: மலைநாட்டின் உயர்ந்த சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சமூகத்தின் பிரதிநிதி. மாறிவரும் காலநிலையை நாளாந்தம் நேரில் அனுபவித்துவருபவர். மலைசார்ந்த பாரம்பரிய அறிவின் காவலர்களுள் ஒருவர். மகளிர் தலைவி."

கருத்தரங்குக் கைநூலின் நான்காம் பக்கத்தில் இப்படி அச்சிட்டிருந்தது. பெயர் சரி. மற்றதெல்லாம், வர முடியாமல்போன வேறொரு பெண்ணுக்காக எழுதப்பட்டது.

மாக்கிறட் வசிப்பது ஆலங்குடாவில். அவருடைய வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள உயரம், கணவர் யாகப்புவின் கணக்கில், ஒரு முழங்கால். கச்சான் காற்று வீசும் காலத்தில் அதுவும் சந்தேகம். அவர் தலைமை தாங்கும் மகளிர் எவரும் இல்லை. கடற்கரை விடுதியொன்றின் குசினியில் சமைக்கிறார். அங்கே வெங்காயம் உரிக்கும் பிள்ளைகூட அவர் சொல்லை ஒரு தடவையில் கேட்பதில்லை. மலைசார்ந்த அறிவென்று அவர் காத்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: கம்பளிக்குள் சுருண்டு படுத்தால் விடிய எழும்ப மனம் வராது.

ஆனாலும் அவர் பிறந்தது மலையில். ஹற்றனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில். பத்தொன்பது வயதில், தோட்டத்துக் கத்தோலிக்கர்களோடு லொறியில் ஏறி, ஆலங்குடாவுக்குப் பக்கத்துத் தலவில அன்னம்மாள் கோயில் பெருநாளுக்கு வந்தார். லொறி திரும்பிப் போனபோது அதில் அவர் இல்லை. மன்னார்க் கரையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து, வள்ளம் கிடைக்கும்வரை கோயில் வளவில் ஐஸ்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றதில் லொறியைத் தவறவிட்டதாக மாக்கிறட் சொல்வார். லொறிக்காரன் ஹோர்ன் அடித்த சத்தம் கற்பிட்டிவரை கேட்டது என்று யாகப்பு சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

மழையிலிருந்து தப்பிவிட்டேன் என்பதே அந்நாளில் அவருக்கிருந்த ஆறுதல். சாக்கைப் போர்த்திக்கொண்டு அட்டைக் கடியோடு கொழுந்து பறிக்கத் தேவையில்லை. கால் நூற்றாண்டு வெயில் காய்ந்தபின் அந்த ஆறுதலும் களைத்துவிட்டது. கிணறு உவர்த்துப்போய், குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. கடலுக்கும் பொழுது போகவேண்டுமே, வருடத்துக்கு ஒரு தென்னையைச் சாய்க்கிறது.

'மலைவாழ் சமூகங்களும் மாறும் காலநிலையும்' என்ற கருத்தரங்கு மலையில்தான் நடக்கவிருந்தது. சண்டை முடிந்து எட்டாம் வருடம். மண்சரிவில் பாதை மூடியபடியால், மண்சரிவைப் பற்றிப் பேச எவரும் மேலே போக முடியவில்லை. கருத்தரங்கு தள்ளிப்போய், வருடம் முடிய முன்னர் நடத்தியாக வேண்டிய நிலைக்கு வந்தது. அப்போது ஐப்பசி. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் போய்விட, ஆலங்குடா விடுதிகள் வெறுமையாய்க் கிடந்தன. ஆகவே மலை கடற்கரைக்கு வந்தது. மேலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்து, பேசவைத்து, திருப்பிக் கொண்டுபோய் விட ஒரு வானும் பிடித்தாயிற்று. கருத்தரங்கு நெருங்கியபோது அந்த இருவரும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார்கள். அடைமழையாம், லயத்துச் சனத்தைப் பாடசாலையில் வைத்திருக்கிறார்களாம், பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாதாம். மாறும் காலநிலையை அனுபவிப்பதிலேயே பொழுது போய்விட்டதால், அதைப் பற்றிச் சொல்ல மலைச் சமூகத்துக்கு நேரமில்லை.

ஒழுங்குகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் அமானி. புத்தளத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். அவர் விடுதியின் வரவேற்புக் கதிரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, விடுதி முதலாளி ஸியாத் சொன்னார்:

"ஏன் மிஸ் கவலப்படுறீங்க? நம்மட குசினியில ஒரு மலை இரிக்கி."

மாக்கிறட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மிஸ், நான் கீழ வந்து எத்தனையோ காலம். இப்ப மலை எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

"பிறந்தது மேலதானே, அக்கா?"

"பிறந்தது மேலதான்."

"அது போதும்."

அன்று பின்னேரம் வீட்டில் யாகப்பு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "மலைத் தலைவி அம்மா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ? இல்லாட்டி மனு எழுதித் தரவேணுமோ?"

"மனுவோட ரெண்டு விறகும் கொண்டாங்க," என்றார் தலைவி.

மேடையில் என்ன சொல்வது என்று தெரியாமல், மலையில் இருக்கும் அக்கா டொறத்திக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, நம்ம மலையில காலநிலை எப்பிடி மாறியிருக்கு?"

"ஏன்டி, ஒனக்கு ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"ஓம், ஓம், சொகமாத்தான் இருக்கேன். ஒரு கூட்டத்தில கதைக்கவேணும்."

"என்னாடி ஓம் ஓம்னு, பூசாரி மாதிரி? என்னா தெரியணும், கேளு."

டொறத்தி சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். "பனி எங்கடி இருக்கு? முந்தி ஒம்பது மணி வரைக்கும் எதிர் மலையே தெரியாது. கங்காணி நம்மளத் தேடித் திரிவான். இப்ப வேலைக்கு எறங்குற நேரமே வெயிலு பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கிது. நடு வீட்டுக்காரங்க காத்தாடி வாங்கியிருக்காங்கடி. லயத்துல காத்தாடி! நம்ம அப்பா இருந்திருந்தா கல்லால அடிச்சிருப்பாரு. மழையும் முந்தி மாதிரி இல்ல. முந்தி சிணுங்கிக்கிட்டே மாசக் கணக்கா பெய்யும். இப்ப கொழுந்து கருகுற வரைக்கும் ஒரு சொட்டு இல்ல, அப்புறம் ஒரே நாள்ல வந்து எல்லாத்தையும் கொட்டிட்டுப் போவுது."

"பாவம்தான் அக்கா."

"பாவம் என்னா பாவம்? ஆண்டவரு நமக்கு ஒன்னு குடுத்திருக்காரு. பீலி வத்திப்போச்சின்னு அழுதேன்ல? இப்ப நம்ம குசினிச் செவத்துக்குப் பின்னாலயே மண்ணப் பிச்சிக்கிட்டுத் தண்ணி வருது. கொடத்த வச்சா நெறையிது. செவத்துல அந்தோனியார் படத்த மாட்டி மெழுகுதிரி கொளுத்திட்டேன். லயமே பொறாமப்படுது."

பீலி என்பது மலைப்பள்ளத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இடம். சின்ன வயதில் இருவரும் தலையில் குடத்தோடு ஏறி இறங்கிய தூரம் அது. பவுசருக்காக மணலில் கலனை உருட்டிக்கொண்டு போகும் மாக்கிறட்டுக்கும் கொஞ்சம் பொறாமை வந்தது. அதை மறைக்கவும் இல்லை. "உனக்கென்ன அக்கா, ராசாத்தி," என்றார்.

மறுநாள் மண்டபத்தில் குளிரூட்டியை உச்சத்தில் வைத்திருந்தார்கள். அங்கு வந்திருந்தவர்களுக்கு மலையைப் பற்றி நேரடியாகக் கிடைத்த அனுபவம் அது ஒன்றே. அமானி கேள்வியை வாசித்தார்: "மாறிவரும் காலநிலையை உங்கள் சமூகம் எவ்வாறு உணர்கிறது?"

"எந்தச் சமூகம் மிஸ்? மேல உள்ளதோ, கீழ உள்ளதோ?"

"மேல உள்ளது, அக்கா."

மாக்கிறட், அக்கா சொன்னதையெல்லாம் வரிசை தவறாமல் ஒப்புவித்தார். பனி போனதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். லயத்தில் காத்தாடி என்றதும் மண்டபம் சிரித்தது, அதையும் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு துக்கத்தைச் சொல்லிவிட்டு அப்படியே இறங்கிப் போவது மரியாதையில்லை என்று பட்டதால், கடைசியில் நல்ல செய்தியைச் சொன்னார்: மலையில் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்துவிட்டது, குசினிச் சுவரடிக்கே ஊற்று வந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த மண்சரிவு அதிகாரி கைதட்டவில்லை. கண்டியிலிருந்து வந்த சிங்களவர். பல வருடம் தோட்டங்களில் அலைந்து தமிழ் கற்றவர்.

"அம்மா, தண்ணி என்ன நிறம்?"

"முதல்ல வெறும் தேத்தண்ணி மாதிரியாம். இப்ப பால் விட்ட மாதிரியாம். மண்தானே ஐயா, வச்சாத் தெளியும்."

"லயத்துக்கு மேல நிலம் வெடிச்சிருக்கா?"

"ஓம், அதையும் அக்கா சொன்னா. மழைத்தண்ணி இறங்காம அதுக்குள்ள சாக்கு அடைச்சிருக்காங்க."

அதிகாரி பேனையை மூடினார். "உங்க வீட்டில யார் யார் இருக்கிறது?"

"அது எங்கட வீடு இல்ல ஐயா, அக்காட வீடு," என்றார் மலைப் பிரதிநிதி. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அதிகாரி அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். மலைக்குள்ளே தண்ணீர் போகும் வழி மாறியிருக்கிறது. பீலி வற்றியதும் ஊற்று வந்ததும் இரண்டல்ல, ஒன்று. அடுத்த பெருமழைக்கு முன்னர் அந்தச் சனம் வெளியேற வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பகுதி அலுவலகத்துக்கும் அவரே தொலைபேசி எடுத்தார். பார்வையிட ஆள் அனுப்புவார்களாம். அந்த மலையில் மட்டும் இதற்கு முன்னரே அறிவித்த வேறு பல இடங்கள் வரிசையில் இருக்கின்றனவாம். "அறிவிச்சாச்சு, அம்மா," என்றார். அந்தச் சொல்லைப் பல தடவை சொல்லிக் களைத்த குரல்.

மாக்கிறட் மீண்டும் அக்காவுக்கு எடுத்தார். டொறத்தி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒனக்குப் பொறாமடி."

"அக்கா, படிச்ச மனுசன் சொல்றாரு."

"படிச்ச மனுசன் வந்து பீலியில இருந்து தண்ணி தூக்கித் தருவாரா? அரசாங்கம் குடுக்குற புது வீட்டுக்குப் பேரு எழுத எப்ப வேணும்னாலும் வருவாங்கடி. பூட்டின கதவப் பாத்தா அடுத்த காம்பராவுக்குப் போயிருவாங்க. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து காத்திருக்கேன். மகன் கொழும்புக் கடையில நிக்கிறான். மருமகளையும் ரெண்டு புள்ளைகளையும் வச்சிக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

"இங்க வாங்க."

"கடலு பக்கத்துல எவளாச்சும் படுத்துத் தூங்குவாளா? பயமா இல்ல?" என்று கேட்டுவிட்டு டொறத்தி வைத்துவிட்டார்.

யாகப்பு சொன்னார்: "அவ வரமாட்டா. உம்மட குடும்பத்தில ஒருத்தரும் சொல்லிப் போனதுமில்ல, சொல்லி வந்ததுமில்ல."

கருத்தரங்கின் இரண்டாம் நாள் காலை, ஆட்களில்லாமல் நின்ற அந்த வான் தென்னை நிழலில் கிடந்தது. ஓட்டுநர் நெய்னார் உள்ளே நீட்டிப் படுத்திருந்தார். மாக்கிறட் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அமானியிடம் போனார்.

"மிஸ், அந்த வான் ஆருக்கு?"

"மலையில இருந்து வாறவங்களத் திருப்பிக் கொண்டுபோய் விட."

"அப்ப என்னைக் கொண்டுபோய் விடுங்க."

"அக்கா, நீங்க இஞ்சதானே இரிக்கிறீங்க? அந்தா தெரியிற கூரை உங்கட வீடுதானே?"

"புத்தகத்தில அப்பிடி இல்லையே, மிஸ்."

அமானி நான்காம் பக்கத்தைத் திறந்தார். அதை எழுதியவர் அவரே. வாசித்து முடித்தபின், ஒரு கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார். "நெய்னார் நானாவ எழுப்புங்க," என்றார்.

ஸியாத் குசினி வாசலில் நின்று கத்தினார்: "அக்கா, பகல் சோறு?"

"மலைத் தலைவிமார் சமைக்கிறதில்ல, தம்பி."

குருநாகல் கழிந்து, கண்டி கழிந்து, வான் ஏறத் தொடங்கியதும் நெய்னார் யன்னல்களை மூடி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டார். மாக்கிறட் அதிகாரியின் வார்த்தைகளை வாய்க்குள் மனனம் செய்துகொண்டு வந்தார். தோட்டத்துக்குள் நுழைந்தபோது பாதை பிடிபடவில்லை. தேயிலை நின்ற இடத்தில் காடு நின்றது. பனி மூடியிருக்கும் என்று எதிர் மலையைப் பார்த்தார். பனி இல்லை. மலை உச்சியிலிருந்து அடிவரை சிவப்பாய் ஒரு கீறல் தெரிந்தது, யாரோ நகத்தால் இழுத்ததுபோல.

டொறத்தி காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பிலே நின்றார். "யாருடி இது? வெயில்ல காஞ்ச கருவாடு மாதிரி!" கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முதல் வேலையாக ஊற்றைக் காட்டினார். அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி வைத்தார். நெய்னார் குடித்துவிட்டு, நல்ல ருசி என்றார். அது பொய்யுமில்லை.

மாக்கிறட் குசினிச் சுவரைப் பார்த்தார். "அக்கா, அந்தோனியார் படம் சாஞ்சிருக்கே."

"நானும் நிமித்தி நிமித்திப் பாக்குறேன். சாயிறாரு."

மனனம் செய்த வார்த்தைகள் எல்லாம் அப்போது மறந்துபோயின. சொல்லியிருந்தாலும் பயனில்லை என்று தெரியும். மாக்கிறட் பையிலிருந்து கைநூலை எடுத்தார். அக்காவுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்துத் தெரியாது. கண்ணாடி உடைந்து பல காலம்.

"அக்கா, கேளு. உன்னப் பத்திப் போட்டிருக்காங்க. 'திருமதி டொறத்தி... மலைநாட்டின் உயர்ந்த சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சமூகத்தின் பிரதிநிதி.'" முழுவதையும் வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்குச் சரியாகப் பொருந்தியது. "என்னைய மேடையில ஏத்திப் பாத்தாங்க, சரிவரல. அசல் ஆள் வேணுமாம். வான் அனுப்பியிருக்காங்க. மருமகளையும் புள்ளைகளையும் கூட்டிட்டு வரலாமாம். மூனு நாள்தான்."

டொறத்தி துணிப்பெட்டியை இழுத்தார். "மகளிர் தலைவின்னா என்னா சீலைடி உடுத்துறது?"

அவர் சீலை தேடிய நேரத்தில் மாக்கிறட் மற்றக் காம்பராக்களுக்குப் போனார். அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அத்தனை பேருக்கும் பொய் சொல்ல வானில் இடம் போதாது. சிலர் சிரித்தார்கள். சிலர் மேலே வெடிப்பை ஏறிப் பார்த்துவிட்டு, பாய் தலையணையோடு பாடசாலைக்கு நடந்தார்கள்.

டொறத்தி கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நெய்னார் அதைக் கண்ணாடியில் கண்டார்.

"எங்கட உம்மாவும் மன்னார்ல இருந்து எங்கள வெளியேத்தின நேரம் இப்பிடித்தான் சாவியோட வந்தா."

"பிறகு?" என்றார் மாக்கிறட்.

"சாவி இன்னும் இரிக்கி."

"அவரு என்னாடி சொல்றாரு?" என்று பின்னாலிருந்து டொறத்தி கேட்டார்.

"வான் சாவியப் பத்திச் சொல்றாரு, அக்கா."

அவர்கள் ஆலங்குடா வந்தபோது கருத்தரங்கு முடிந்து பதாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டொறத்தி கூறைச்சீலையோடு வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்றார். அமானிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொண்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, எதிரில் இருந்து, எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். டொறத்தி தேத்தண்ணி ஆறும்வரை பேசினார். காத்தாடியும் வந்தது.

பொய் மறுநாளே வெளிப்பட்டது. வெங்காயம் உரிக்கும் பிள்ளை சொல்லிவிட்டது. டொறத்தி அதன்பின் தங்கையோடு கதைக்கவில்லை. தண்ணீர் உப்பு, சோறு உப்பு, காற்று உப்பு என்று யாகப்புவிடம் மட்டும் முறையிட்டார். "ஓம் அக்கா, கடலுக்கு நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பாத்திட்டன்," என்றார் யாகப்பு.

மூன்று நாளில் திரும்பிப் போகப் பஸ் இருந்தது. மழை வந்து அதையும் நிறுத்தியது. அந்த மழையில் லயத்தின் மேலிருந்த மண் இறங்கியது. குசினிச் சுவரைத் தள்ளி, காம்பராவுக்குள் இடுப்பளவு நுழைந்து, அங்கே நின்றுவிட்டது. மலை சரிந்தது என்றும் சொல்ல முடியாது, சரியவில்லை என்றும் சொல்ல முடியாது. மற்றச் சனம் அப்போது பாடசாலையில் இருந்தது.

செய்தி வந்த அன்று டொறத்தி வாய் திறந்தார். "குசினிதான்டி போச்சி. நான் படுக்கிறது இஸ்தோப்புல."

மாக்கிறட் கலனை உருட்டிக்கொண்டு பவுசருக்குப் போனார். அந்த மழைக்கு முதல்நாள் புது வீட்டுக்குப் பெயர் எழுத வந்தவர்கள், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார்கள் என்று பிறகு தெரியவந்தது. அதை டொறத்தி இன்றுவரை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்கிறார். இப்போது அவரும் விடுதிக் குசினியில் வேலை செய்கிறார். தங்கை சொல்லை ஒரு தடவையில் கேட்பதில்லை. சாவி சட்டைக்குள் இருக்கிறது. மத்தியான வெயிலில் இருவரும் பவுசருக்காகக் கலன்களோடு வரிசையில் நிற்கும்போது, மேலே இப்போது என்ன காலநிலையோ என்று ஒருவரும் மற்றவரைக் கேட்பதில்லை.

கருத்தரங்கின் இறுதி அறிக்கை, மலைச் சமூகத் தலைவிகள் இருவர் பங்குபற்றியதாகவும், அவர்களில் மாக்கிறட் யாகப்பு பாரம்பரிய அறிவின் காவலர் என்றும் சொல்கிறது.

மாக்கிறட் செய்தது இது: வேறு பெண்களுக்காகப் பிடித்த வானில் மலைக்குப் போனார்; அக்காவிடம் பொய் சொன்னார்; அக்காவையும் மருமகளையும் இரண்டு பிள்ளைகளையும் மழைக்கு முன்னர் கீழே கொண்டுவந்தார்.